கரிசல் நிலத்தில் வளைந்த எல்லைக்கு மரவேலி அமைத்தல்

தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்தைச் சேர்ந்த குளத்தூரும் அதனை அடுத்த கிராமங்களும், கோவில்பட்டி தொடங்கிக் கிழக்கே கடலோரத்தை நோக்கிப் பரந்து கிடக்கும் கரிசற் பூமியில் அமைந்தவை. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், மிளகாய், கொத்தமல்லி முதலியவை இங்குப் பெரும்பாலும் மானாவாரியாகவே விளைகின்றன. மானாவாரிப் புஞ்சைக்கு வேலி கட்டும் வழக்கம் அரிது. அதற்கு அவசியமும் இல்லை. அறுவடை முடிந்த கட்டையில் ஆடு மேய்வதும், பின்னர்க் கிடை அமர்த்துவதும் நிலத்திற்கு எருவாகவே முடிகின்றன. ஏக்கர் கணக்கில் வேலியிட்டு ஆட்டுக்கிடையைப் புறத்தே நிறுத்திவிட்டு, எருவை விலை கொடுத்து வாங்குவது லாபமான காரியமன்று.

வேலி வேண்டுவது கிணற்றுத் தோட்டத்திற்கே. மாசி, பங்குனியில் சுற்றுப்புறமெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடக்கும்பொழுது கத்தரியும் வெண்டையும் முருங்கைக் கன்றும் பச்சென்று நிற்பதைக் கண்டால் ஊராடு ஊர்மாடு யாவும் அங்கேயே வந்து சேரும். நுனி கடித்த முருங்கைக் கன்று மறுபடி தழைத்து வருவதற்குள் ஒரு பருவமே கழிந்துவிடும்.

இத்தகைய தோட்டங்களிற் பல ஓடைக்கரையிலோ கண்மாய்க்கு அடுத்தாற்போலோ இருக்கின்றன. கிணற்றில் ஊற்றுக் கிடைப்பது அங்கேதான். ஓடையோ கண்மாய்க்கரையோ நேர்கோடாய்ப் போவதில்லை. ஆகவே தோட்டத்தின் எல்லையும் ஒரு பக்கத்திலாவது வளைந்தே இருக்கும். வேலி கட்ட வருகிறவர் செய்வது யாதெனில், இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்லுக்கு ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்து, கயிற்றின்மேல் கால்களை நட்டுவிடுவதாகும். வேலை சுருக்கமாய் முடியும். பார்வைக்கும் ஒழுங்காய் இருக்கும். ஆனால் அவ்வேலி எல்லையின்மேல் நிற்பதன்று.

இதனால் உண்டாகும் நஷ்டத்தை ஒரு கணக்கால் காட்டலாம். இரண்டு கற்களுக்கு இடையே நேர்த்தூரம் 120 அடி என்றும், நடுவில் எல்லை அந்த நேர்கோட்டிலிருந்து 15 அடி விலகி வளைந்திருக்கிறதென்றும் கொள்வோம். வில்லுக்கும் நாணுக்கும் இடைப்பட்ட பரப்பு, நாணையும் நடு விலக்கத்தையும் பெருக்கி மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் ஏறக்குறையக் கிடைக்கும். 120-ஐ 15-ஆல் பெருக்க 1,800. அதில் மூன்றில் இரண்டு பங்கு 1,200 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடியாதலால் இது இரண்டே முக்கால் சென்ட். தோட்டம் வெளிப்புறமாய்ப் புடைத்திருந்தால், கயிறு பிடித்துக் கட்டியவர் தம்முடைய இரண்டே முக்கால் சென்ட் நிலத்தைத் தாமே வெளியே தள்ளிவிட்டார். வேலி பயிரை மேய்ந்தது என்னும் பழமொழி இங்கு எழுத்தளவிலேயே பொருந்தும். சில ஆண்டுகள் கழித்து அந்தத் துண்டில் வண்டிப்பாதை விழுந்துவிடும். அதன்பின் அதனை மீட்பது வழக்கில்லாமல் முடியாது.

ஓடை தோட்டத்தினுள்ளே புடைத்து வந்திருந்தால் விஷயம் வேறு. அப்பொழுது நேராய்க் கட்டிய வேலி இரண்டே முக்கால் சென்ட் ஓடைப் புறம்போக்கை உள்ளே அடைத்துக்கொள்ளுகிறது. கட்டியவருக்குக் கெட்ட எண்ணம் இல்லாதிருக்கலாம். ஆனால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் எண்ணத்தைப் பார்ப்பதில்லை. கண்மாய்க்குள் வேலி புகுந்திருந்தால் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் சேர்ந்துகொள்ளும். சட்டத்தைக் காட்டிலும் வெள்ளம் கடுமையானது. வளைவில் ஓடும் நீர் வெளிக்கரையையே அறுக்கும். அங்கே கால்களை நட்டு அகலத்தைக் குறுக்கினால், அடித்துவரும் முள்ளும் தட்டையும் வேலியில் அடைபட்டு, நீர் ஏறி, வேலியோடு கரையையும் கொண்டுபோகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் இம்மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அத்தகைய மழை ஆண்டுதோறும் வருவதில்லை. எனினும் ஓடைக்கரையில் நடும் காலை, வராத ஆண்டை நினைத்தன்று, வரும் ஆண்டை நினைத்தே நடவேண்டும்.

ஆதலால் வேலிக்கு முதல் வேலை கடப்பாரையன்று, புலப்படம். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உள்ள புலப்படத்தில் வளைந்த எல்லையைக் குறிக்கும் முறை எளிமையானது. இரண்டு கற்களுக்கிடையே நேரான ஓர் அளவைக்கோடு. அக்கோட்டில் இன்ன தூரத்தில் செங்குத்தாக இன்ன தூரம் விலகியிருக்கிறது எல்லை என்று வரிசையாய் எண்கள். சர்வேயர்கள் ஆப்செட் என்று சொல்லும் இவ்விலக்கங்களே வளைவின் எலும்புக்கூடு. பழைய படங்களில் அளவு லிங்க்கில் இருக்கலாம். நூறு லிங்க் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. புதிய படங்களில் அளவு மீட்டரில் இருக்கும். ஒரு மீட்டர் 3.28 அடி. இரண்டையும் குழப்பிக்கொண்டால் வேலி பக்கத்துக் கிராமத்தில் போய் நிற்கும்.

கற்கள் இருக்கின்றனவா என்று முதலில் தேடவேண்டும். கரிசலில் கல் சாய்வதும் புதைவதும் சகஜம். டிராக்டர் கொழு தட்டி நகர்வதும் உண்டு. 1923-ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி அளவைக் கல்லைப் பேணுவது பட்டாதாரரின் கடமை; காணாமற்போன கல்லை மேலிடத்திற்குத் தெரிவிப்பது கிராம அதிகாரியின் கடமை. முன்னர் இது கர்ணத்தின் பொறுப்பாய் இருந்தது. 1980-இல் அப்பதவி நீங்கியபின் கிராம நிர்வாக அலுவலர் இதனைப் பார்க்கிறார். கல் இல்லாத இடத்தில் பாட்டன் காலத்து வேப்பமரத்தையோ வரப்பையோ சாட்சியாக வைத்து வேலி கட்டுவதைவிட, கட்டணம் செலுத்தி அளந்து கல் நடச் செய்வதே நலம். அளக்கும் நாளில் அடுத்த நிலத்துக்காரரையும் உடன் வைத்துக்கொள்ளுதல் பிற்காலச் சச்சரவைத் தடுக்கும். புறம்போக்கை அடுத்த நிலமாயின் கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் வேலிக்கோட்டைக் குறித்துக்கொள்ளுவது உத்தமம். வேலி எழுந்தபின் அவர் நோட்டீசுடன் வருவதைவிட, எழுமுன் புலப்படத்துடன் வந்து நிற்பது இருவருக்கும் சௌகரியம்.

இனி வளைவைத் தரையில் வரையும் விதம். இரு கற்களுக்கிடையே நாண்கயிறு கட்டவேண்டும். புலப்படத்தில் ஆப்செட் உள்ள இடங்களில் செங்குத்துப் பிடித்து முளையடிக்கவேண்டும். செங்குத்துக்குக் கருவி தேவையில்லை. ஒரு கயிற்றை மூன்றடி, நான்கடி, ஐந்தடியாக முடிச்சிட்டு முக்கோணமாய் இழுத்துப் பிடித்தால், மூன்றும் நான்கும் கூடும் மூலை சரியான செங்கோணமாகும். கொத்தனார் அனைவரும் இதனை அறிவர்.

ஆப்செட்டுகளுக்கிடையே நீண்ட இடைவெளி இருந்தாலும், ஒரே ஒரு நடு ஆப்செட் மட்டும் இருந்தாலும், கால்களுக்கு இடம் குறிக்க நாலிலொரு பங்கு விதி உதவும். ரயில்பாதை, சாலை வேலைகளில் நெடுநாளாய் வழங்கும் இவ்விதி தோட்டக்காரருக்கும் பயன்படும். வில்லின் நடுவில் நாணிலிருந்து உள்ள விலக்கத்தை அம்பு என்று சொல்லுவோம். மேற்சொன்ன உதாரணத்தில் அம்பு 15 அடி. அங்கே ஒரு முளை. அம்முளையிலிருந்து இரு கற்களுக்கும் தனித்தனியே கயிறு பிடித்தால் இரண்டு சிறிய நாண்கள் கிடைக்கும். அவை ஒவ்வொன்றின் நடுவிலும் அம்பு முன்னதில் நாலில் ஒரு பங்கு, அதாவது 3 அடி 9 அங்குலம். அங்கே முளையடித்து மறுபடியும் பாதியாக்கினால் அம்பு 11¼ அங்குலம். மறுபடியும் பாதியாக்கினால் மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இவ்வாறு நான்கு தரம் செய்தால் 120 அடி நாணின்மேல் பதினாறு கண்ணிகளும் பதினேழு முளைகளும் அமைந்துவிடும். வில்லின் நீளம் ஏறக்குறைய 125 அடியாதலால், கண்ணி ஒன்று எட்டடிக்குச் சற்றுக் குறைவு. இருவர் ஒரு காலை வேளையில் முடிக்கக்கூடிய வேலை இது.

அடுத்து ஒரு பாதி எடுத்தால் அம்பு முக்கால் அங்குலமும் இல்லை. அதாவது எட்டடி நீளமுள்ள நேரான மரத்தைக் கால்களின்மேல் வைத்தால், அது உண்மையான வளைவிலிருந்து ஒரு விரற்கடை அளவே விலகும். வளைந்த வேலிக்கு வளைந்த மரம் வேண்டும், அல்லது மரத்தை நனைத்து வளைக்கவேண்டும் என்ற எண்ணத்திற்கு இங்கு இடமே இல்லை. நேரான குறுக்குமரங்களைக் கொண்டே வளைவைப் பின்பற்றலாம். கண்ணி சிறிதாயிருந்தால் போதும். காய்ந்த மரத்தை வலிந்து வளைத்து ஆணியடித்தால் அது ஓயாமல் நிமிரப் பார்க்கும்; ஒரு கோடை தாண்டுமுன் ஆணி பிடுங்கிக்கொள்ளும்.

வளைவு கடுமையாயிருந்தால் கண்ணியைக் குறைக்கவேண்டும். முப்பதடி ஆரமுள்ள முடுக்கில் எட்டடி மரம் மூன்று அங்குலத்துக்கு மேல் விலகும். நான்கடி மரம் முக்கால் அங்குலமே விலகும். அம்பு நாணில் எட்டில் ஒரு பங்குக்கு மிகுமாயின் நாலிலொரு பங்கு விதி பிசகத் தொடங்கும். அங்கே வளைவை இரண்டு வில்லாகப் பிரித்துக்கொள்ளவேண்டும். பாம்பு போல் இருபக்கமும் வளையும் ஓடைக்கரையில், வளைவு திசைமாறும் இடத்தில் ஒரு முளையடித்து இருபுறத்தையும் தனித்தனியே வரையவேண்டும். எங்கும் ஆப்செட் உள்ள இடத்தில் ஆப்செட்டே பிரமாணம். கண்ணுக்கு அழகாயிருக்கிறதென்று அதனை நகர்த்தலாகாது. குறித்த கோடு எல்லை. கால்களின் வெளிமுகம் அதற்கு உள்ளேயே நிற்கவேண்டும். அறுக்கும் கரையாயின் மூன்றடி உள்ளே தள்ளி நட்டு, இடைவெளியில் நொச்சியோ வெட்டிவேரோ வைத்தால் நிலமும் கையைவிட்டுப் போகாது, கரையும் நிற்கும்.

கோடு கிடைத்தபின் நிற்கும் கேள்வி மண்ணைப் பற்றியது. செம்மண்ணில் ஒருவர் கட்டிய வேலியைப் பார்த்துவந்து அப்படியே கரிசலில் கட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். இம்மண்ணிலுள்ள களி நீரைக் குடித்து ஊதும். நீர் வற்றச் சுருங்கி வெடிக்கும். கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டிலேயே வேளாண்மை ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டதற்கு இக்கரிசல் மானாவாரியின் தனித்தன்மையே காரணம். இப்பகுதியில் பெய்யும் மழையில் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. ஆகவே ஊதலும் சுருங்கலும் ஆண்டுதோறும் தவறாமல் நடக்கின்றன. கோடையில் வெடிப்பு மூன்றடி ஆழம் வரையிலும் போகும். கையை விட்டால் முழங்கை வரை செல்லும் வெடிப்புகளை எவரும் கண்டிருப்பர்.

இதனால் காலுக்கு நேருவது இரண்டு. மழையில் ஊதும் மண் காலின் மேற்பாகத்தைக் கவ்விப் பிடித்து மேலே தூக்கும். கோடையில் மண் விலகி, காலைச் சுற்றி இடைவெளி விழும். அதற்குள் பொடி மண்ணும் சருகும் விழுந்து அடியை நிரப்பும். தூக்கிய கால் பழைய ஆழத்திற்கு மறுபடி இறங்குவதில்லை. இவ்வாறு ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாய் எழும்பும் கால், ஒருநாள் எருமை முதுகைத் தேய்த்தவுடன் சாய்ந்துவிடுகிறது. மரம் கெட்டது என்று தச்சரைக் குறைகூறுவர். மரம் பெரும்பாலும் கெடுவதில்லை. மண்தான் அதனைத் துப்பிவிட்டது.

பரிகாரம் குழியிலேயே இருக்கிறது. இடைக்கால்களுக்கு இரண்டரை அடியும், முனைக்கால், மூலைக்கால், வாயிற்காலுக்கு மூன்றடியும் ஆழம் வேண்டும். குழி பானையைப் போல் வாய் குறுகி அடி அகன்றிருக்கவேண்டும். மரத்தின் பருத்த முனையைக் கீழே வைத்து, அடியிலிருந்து ஆறங்குலத்தில் துளையிட்டு ஓரடி நீளமுள்ள குறுக்காணி ஒன்றைச் செருகவேண்டும். அடியில் ஓரடி உயரம் உடைகல்லும் மண்ணும் இட்டுக் குறுக்காணியின்மேல் இறுகக் குத்தினால், மேலே இழுக்கும் விசையை அது தாங்கும். அதற்குமேல் ஒன்றரை அடியும் தோண்டிய கரிசலைக் கொண்டே மூடுவதுதான் வழக்கமான தவறு. சரளைமண் இட்டு நான்கு அங்குலத்துக்கு ஒருதரம் குத்தவேண்டும். சரளை ஊதுவதில்லையாகையால் காலைக் கவ்வுவதும் குறையும். வெறும் ஆற்றுமணல் உதவாது. களியின் நடுவே மணல் நிரப்பிய குழி நீர் தேங்கும் சிறு கிணறாகிவிடும். தரைமட்டத்துக்குமேல் நாலு விரல் உயரம் மண்ணைக் கூம்பாக அணைத்து, மழைநீர் விலகி ஓடச் செய்யவேண்டும். ஓரடி அகலக் குழிக்குச் சுமார் ஒரு கன அடி சரளை செல்லும். பதினேழு காலுக்குப் பதினேழு கன அடி, நூறு கன அடி கொண்ட ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. இவ்வளவு சிறு செலவுக்கு அஞ்சியே பலர் வேலியைத் திரும்பக் கட்டுகிறார்கள்.

கால் நடுவதற்கு ஏற்ற காலம் தை பின்பாதியும் மாசி முன்பாதியும். அப்பொழுது மண் ஈரமாயிருக்கும், ஆனால் ஒட்டாது. சித்திரையில் வெடித்த நிலத்தில் நட்டால் குத்திய மண் வெடிப்புக்குள் இறங்கிவிடும். கார்த்திகையில் குழி வெட்டவே முடியாது. மண்வெட்டியில் ஏறும் சேற்றை உதறுவதிலேயே கூலி கரையும்.

மரத்தைப் பற்றிச் சில. இப்பிரதேசத்தில் எங்கும் நிற்பது சீமைக்கருவேலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நாட்டுக்குள் வந்த இம்மரம், தரிசையும் நீர்நிலையையும் பிடித்துக்கொண்டதால், 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் இதனை அகற்ற உத்தரவிட்டது. இருப்பினும் இதன் வைரம் கரையானுக்கும் ஈரத்துக்கும் எளிதில் அசையாது. வேலிக்கால் ஆவதற்கு இதனைவிட மலிவான மரம் இங்கு இல்லை. விளாத்திகுளம் பக்கத்தில் வெட்டுமரம் முழுதும் கரிமூட்டத்துக்கே போய்விடுகிறது. மூட்டம் போடுமுன் ஏழடி நீளமும் அடியில் ஐந்து அங்குலப் பருமனும் உள்ள தடிகளைத் தனியே பொறுக்கி வைத்தால், கரியாய் விற்பதைக் காட்டிலும் அவை வேலியில் அதிகம் உழைக்கும். நேரான தடி அருமை என்பர். உண்மை, ஆனால் சற்றுக் கோணலான தடியையும் நடலாம். கோணல் வேலி ஓடும் திசையில் இருக்கவேண்டும், உள்ளும் புறமுமாய் இருக்கலாகாது.

பட்டையையும் வெளிறிய வெள்ளைக் கட்டையையும் செதுக்கிவிட்டே நடவேண்டும். உளுப்பது அந்த வெள்ளைக் கட்டையே. அது உளுத்துத் தளர்ந்தால் உள்ளே வைரம் நன்றாயிருந்தும் கால் ஆடும். செதுக்கிய தடிகளை நிழலில் காற்றாட அடுக்கி இரண்டு மாதம் ஆறவிடவேண்டும். அடியை நெருப்பில் கருக்கி நடும் பழக்கம் உண்டு. கருகுவது மேல்தோல் மட்டுமே. ஆறும்பொழுது விழும் வெடிப்பின் வழியே கரையான் புகுந்துவிடும். கருக்குவதால் கெடுதி இல்லை, அதையே நம்பியிருப்பதில்தான் கெடுதி. வெட்டிய கிளையை முள்வேலியாய் அடைக்கிறவர்கள் காய் உள்ள கிளையை விலக்கவேண்டும். நெற்றைத் தின்ற ஆடுமாடு விதையைத் தோட்டத்திலேயே விதைத்துவிடும். உடைமரத்து முள் இதற்கு மேலானது. கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேலத்தில் கை வைக்கலாகாது. அது ஏலத்துக்குரிய சர்க்கார் மரம்.

குறுக்குமரத்துக்குப் பனை சிறந்தது. வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையின் வெளிப்பாகத்தைப் பிளந்தெடுத்த சட்டம் கரையானை எளிதில் அண்டவிடாது. உட்சோறு பயனற்றது, அதனை முழுதும் சீவிவிடவேண்டும். ஆனால் வேலிக்காகப் பனையை வீழ்த்தலாகாது. 2021-22-ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவித்தபடி, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். பழைய ஓட்டு வீடுகளைப் பிரிக்கும்பொழுது கழியும் பனங்கைகளை வாங்குவதே சரியான வழி. பல ஆண்டு புகையுண்ட அம்மரத்தைப் புதுமரம் ஈடு செய்யாது.

மேற்சொன்ன வேலிக்கு மூன்று வரிசையாய் நாற்பத்தெட்டுச் சட்டங்கள் தேவை. கால்களில் சேரும் இடத்துக்காக ஒவ்வொன்றும் எட்டேகால் அடி இருக்கட்டும். கண்ணிக்குக் கண்ணி திசை சிறிதே திரும்புவதால் உருண்டைக் காலின்மேல் இரண்டு சட்டமும் சரியாய்ப் படியா. காலில் இரண்டு கன்னங்களைச் செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் கட்டவேண்டும். வைரம் ஏறிய மரத்தில் நேரே ஆணியடித்தால் ஆணி வளையும் அல்லது சட்டம் பிளக்கும். துரப்பணத்தால் துளையிட்டபின்பே அடிக்கவேண்டும். ஆணியோடு கட்டுக்கம்பியும் சுற்றினால் மண் அசையும்பொழுது வேலி சிறிது இசைந்து கொடுக்கும். கரிசலில் விறைத்த வேலியைவிட இசையும் வேலியே நீடிக்கும். சட்டம் மாடு நெருக்கும் வெளிப்புறத்தில் இருந்தால், அதன் பாரம் ஆணியை இழுக்காமல் காலின்மேல் சாயும். சட்டங்களுக்குமேல் முட்கம்பி ஒன்றும் இழுக்க விரும்பினால் எச்சரிக்கை வேண்டும்: முறுக்கிய கம்பி வளைவின் உட்புறமாகவே கால்களை இழுக்கும். அதனால் கம்பியைக் கால்களின் புடைத்த பக்கத்தில் செலுத்தி, கால்களை நடும்பொழுதே அப்பக்கம் இரண்டங்குலம் சாய்த்து நடவேண்டும். முனைக்கால் இரண்டுக்கும் முட்டுக்கால் இன்றியமையாதது. வாயிலை வளைவில் வைக்கலாகாது. நேரான பக்கத்தில் வைக்கவேண்டும்.

ஆடு நுழையாமல் அடைக்கப் பனைமட்டை உண்டு. கருக்குள்ள மட்டைகளைச் செங்குத்தாய் நிறுத்திப் பனைநாரால் சட்டத்தோடு பின்னினால், எவ்வளவு வளைவாயினும் அது தானே திரும்பிச் செல்லும். மட்டை ஒன்று மூன்றங்குல இடம் கொள்ளுமாயின் 125 அடிக்கு ஐந்நூறு மட்டை வேண்டும். நாரை ஓரிரவு நீரில் ஊறவைத்துக் கட்டவேண்டும்; உலர்ந்தபின் இறுகும். மட்டையின் அடி மண்ணைத் தொடாமல் இரண்டு விரல் மேலே நிற்பது நலம். தொட்டால் கரையானுக்கு ஏணி வைத்ததாகும்.

பிற இடங்களில் வேறு வழிகள் உண்டு. யாழ்ப்பாணத்தில் கிளுவையையும் பூவரசையும் கதிகாலாக நட்டு, பனையோலையும் மட்டையும் கட்டி வளவு அடைக்கிறார்கள். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் முள்ளுக்கிளுவை உயிர்வேலி தலைமுறை தலைமுறையாய் நிற்கிறது. அமெரிக்காவில் குடியேறிய உழவர்கள் குழியே வெட்டாமல், பிளந்த மரங்களைக் கோணல் மாணலாய் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வேலி செய்தனர். எந்த வளைவுக்கும் அது இணங்கும், ஊதும் மண்ணும் அதனை ஒன்றும் செய்யாது. ஆனால் காட்டை அழித்து நிலமாக்கிய அவர்களுக்கு மரம் பாரமாயிருந்தது. அவ்வளவு மரத்தை நம்மவர் வேலியில் கிடத்த முடியாது. உயிர்வேலியை மரவேலியின் உட்புறத்தில் இப்பொழுதே நட்டு வளர்த்தால், மரவேலி தளரும் காலத்தில் அது கைகொடுக்கும்.

இவ்வேலி ஆட்டையும் மாட்டையும் தடுக்கும். காட்டுப்பன்றியை முற்றிலும் தடுக்காது. அது அடியில் மண்ணைக் கிளறிக்கொண்டு நுழையும். கீழ்ச்சட்டத்தைத் தரைக்கு அரையடிக்குள் இறக்கி, அதன் அடியில் உடைமுள்ளை மிதித்து வைத்தால் ஓரளவு பயன் உண்டு. பன்றிக்கென்று கம்பத்திலிருந்து மின்சாரத்தை நேரே வேலிக்கம்பியில் செலுத்துவது குற்றம். மனிதரையும் மாட்டையும் அது கொன்றிருக்கிறது. தம் சரகத்தில் அத்தகைய கம்பியைக் காணும் கிராம அலுவலர் உடனே மின்வாரியத்துக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவிக்கவேண்டும்.

கட்டிய முதல் ஆண்டில் இரண்டு தரம் வேலியைச் சுற்றிவரவேண்டும். வைகாசியில் காலடியில் விழுந்த வெடிப்பைப் பொடிமண்ணால் அல்லாமல் சரளையால் நிரப்பிக் குத்தவேண்டும். பொடிமண் மழையில் ஊதி மறுபடி காலைக் கவ்வும். தை மாதம், எழும்பிய கால் உண்டா என்று பார்க்கவேண்டும். இதற்கு எளிய வழி, நட்ட அன்றே ஒவ்வொரு காலிலும் தரையிலிருந்து சரியாக மூன்றடி உயரத்தில் ஒரு வெட்டுக்குறி இடுவதாகும். நீளமான கயிற்றை மூன்று நான்கு கால்களின் குறிகளையொட்டிப் பிடித்தால் எந்தக் கால் எழும்பியது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அரை அங்குலம் எழும்பியதைக் கட்டையால் அடித்து இறக்கலாம். இரண்டங்குலம் எழும்பியதைப் பிடுங்கிக் குழியைப் புதிதாய் எடுக்கவேண்டும். மட்டையும் நாரும் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாறும். சரளைக் குழியில் நின்ற வைரக்கால் அப்படியே இருக்கும்.